பேரகராதியும் வேணாட்டுத் தமிழும்

திருவனந்தபுரம் கோட்டைக்கு அருகே, இலக்குமி வராகர் திருக்கோயிலையும் அதன் குளத்தையும் சூழ்ந்து அமைந்த ஸ்ரீவராகத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. நெல்லைச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் சோழ நாட்டிலிருந்தும் கோயிற் பணிக்கும் அரசுப் பணிக்கும் வாணிகத்துக்குமாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இக்குடும்பங்களில் பிறந்த இளைஞர் ஒருவர் மதுரைக்கோ சென்னைக்கோ சென்று உறவினர் வீட்டில் நான்கு வார்த்தை பேசினால், "இது என்ன மலையாளத் தமிழ்!" என்று அங்குள்ளோர் நகைப்பது வழக்கமாகிவிட்டது. நகைப்பவர் மனத்தில் தீங்கு ஏதும் இல்லை. ஆயினும் நகைக்கப்பட்டவர் அடுத்த முறை அச்சொற்களைத் தவிர்க்கிறார். அதற்கடுத்த முறை ஆங்கிலத்திலேயே பேசிவிடுகிறார். ஊர் திரும்பியபின் பாட்டியார் சொல்லும் சொல்லையும் 'தவறு' என்று திருத்தத் தலைப்படுகிறார். இவ்வாறு வழக்கிறந்துபோன சொற்கள் எத்தனை என்று கணக்கிட்டவர் இல்லை.

ஒரு சொல் தமிழா, அன்றா என்னும் வழக்கு எழுமாயின் நாம் அகராதியைத் துணை கொள்கிறோம். அகராதி என்றதும் கற்றோர் நினைவுக்கு வருவது சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'தமிழ் லெக்சிகன்' என்னும் பேரகராதியே. அப்பேரகராதி நம் வீட்டுத் தமிழுக்கு என்ன சான்று தருகிறது, எவ்விடத்தில் வாளாவிருக்கிறது, அவ்விடத்தில் நமக்குள்ள கடமை யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திசைச்சொல் என்னும் வாயில்

தமிழிலக்கணம் திசை வழக்கைப் புறக்கணித்ததில்லை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகையாகச் சொல்லைப் பகுத்த தொல்காப்பியர், செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்தாரும் தத்தம் குறிப்பில் வழங்குவனவற்றையும் செய்யுட்குரிய சொல்லாகவே ஏற்றுக்கொண்டார். பிற்காலத்து நன்னூலாரும் அம்மரபைப் போற்றினார். அப்பன்னிரு நிலங்கள் யாவை என்பதில் உரையாசிரியரிடையே வேறுபாடு உண்டு. எனினும் அவற்றுள் ஒரு பட்டியலில் வேணாடு இடம்பெறுகிறது. கொல்லத்தையும் திருவனந்தபுரத்தையும் தழுவிய இந்நிலமே வேணாடு என்பதை நாம் அறிவோம்.

உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டும் சொற்களைப் பார்த்தால் வியப்பு மிகும். குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர். குடநாட்டார் தந்தையை 'அச்சன்' என்பர். வேணாட்டார் தோட்டத்தைக் 'கிழார்' என்பர் என்று அவர்கள் கூறிச் சென்றனர். தள்ளையும் அச்சனும் இன்று மலையாளத்தில் 'தள்ள' என்றும் 'அச்சன்' என்றும் வழங்குகின்றன. மேலைக் கடற்கரையில் வழங்கிய பேச்சை அன்றைய இலக்கணப் புலவர்கள் தமிழின் ஒரு திசையாகக் கண்டனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. இவ்வுரைகளில் நமக்குப் பயன்படும் செய்தி மற்றொன்றும் உண்டு. உரையாசிரியர் சொல்லை மட்டும் கூறாமல், அதனை வழங்கும் நாட்டையும் உடன் கூறினார். இம்முறைமையைப் பின்னர் மீண்டும் எடுத்துப் பேசுவோம்.

பேரகராதியும் அதன் பதிப்பாசிரியரும்

திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் பாட்டாக அமைந்து மாணாக்கர் நெஞ்சில் நின்றவை. அகர வரிசையில் சொற்பொருள் காணும் நெறியை 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் தம் சதுரகராதியால் வகுத்தளித்தார். 1779இல் பப்ரீசியசு அகராதியும், 1862இல் அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோ அகராதியும் தோன்றின. இவற்றின் மேல் எழுந்த மாளிகையே பேரகராதி. 1913ஆம் ஆண்டில் பாதிரியார் சாந்திலர் தலைமையில் தொடங்கிய இப்பணி, ஆசிரியர் சிலர் கைம்மாறி, 1926 முதல் பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளையவர்கள் பொறுப்பில் நடந்தது. 1924இல் முதற்பகுதி வெளிவந்தது. 1936இல் ஆறு தொகுதிகளும் நிறைவெய்தின. 1,04,405 சொற்களைக் கொண்ட அவ்வாறு தொகுதிகளுக்குப் பின் 1939இல் அனுபந்தமும் முற்றுப்பெற்றது. அனுபந்தத்தில் மட்டும் 13,357 சொற்கள் உள்ளன.

இப்பதிப்பாசிரியர் நம் ஊருக்கு அயலவர் அல்லர். நெல்லை மாவட்டத்தில் 1891ஆம் ஆண்டு பிறந்த வையாபுரிப் பிள்ளை, சட்டம் பயின்று ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை போன்றோரின் நட்பு அவருக்கு வாய்த்தது. திருவனந்தபுரத்துப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தை ஆராய்ந்து 1922இல் பதிப்பித்தவரும் இவரே. சென்னைப் பல்கலைக்கழகப் பணியினின்று ஓய்வு பெற்றபின் 1951 முதல் சில ஆண்டுகள் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தார். 1956 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்து, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவனந்தபுரத்துத் தமிழர் கேரளத்தின் சிறுபான்மையோராயினர். ஆதலின் பேரகராதி உருவான காலத்தில் நாஞ்சில் நாட்டுத் தமிழும் நம் நகரத்துத் தமிழும் ஒரே அரசின்கீழ் வழங்கியவை என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

பேரகராதியின் தனிப்பெருஞ் சிறப்பு அது சான்றோடு பேசுதலாகும். ஒரு சொல்லுக்குப் பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தந்து, அப்பொருளில் அச்சொல் பயின்ற இடத்தையும் சுட்டுகிறது. மலையாளம், கன்னடம், தெலுங்கு முதலிய உறவு மொழிகளில் அச்சொல் வழங்குமாயின் அதனையும் குறிக்கிறது. இலக்கியங்களோடு நில்லாமல் கல்வெட்டுகளையும், அவற்றுள் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் வெளிவந்தவற்றையும் மேற்கோளாக ஆள்கிறது. இம்முறையால் நம் வீட்டுச் சொல் பலவற்றுக்குப் பிறப்புரிமை நிலைநாட்டப்படுகிறது. சில சொற்களை எடுத்துக்கொண்டு இதனை விளக்குவோம்.

சான்று பெறும் சொற்கள்

சொல்லுதல் என்னும் பொருளில் 'பறைதல்' நம் வீடுகளில் வழங்கும்போது வெளியூரார் நகைப்பர். அது மலையாளத்திலிருந்து நாம் வாங்கிய சொல் என்பர். பேரகராதியோ 'பறை' என்பதற்குப் பேசுதல், சொல்லுதல் என்னும் பொருளைத் தமிழுக்கே உரியதாகக் காட்டுகிறது. தமிழகத்தில் ஒதுங்கிய அச்சொல் மலையாளத்தில் தழைத்தது. இரண்டிற்கும் இடையே வாழ்ந்த நம் வாயில் அது மறையாமல் நின்றது.

'புரை' என்னும் சொல்லும் அத்தகையதே. அறநோக்கோடு உணவளித்த இடங்களைத் திருவிதாங்கூரில் 'ஊட்டுப்புரை' என்றனர். மலையாளத்தில் 'புர' என்றால் வீடு. வீடு, அறை என்னும் பொருள்கள் 'புரை' என்னும் தமிழ்ச் சொல்லுக்கும் உண்டு. பரோ, எமனோ ஆகிய பேராசிரியர் இருவரும் 1961இலும் விரிவாக 1984இலும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவ்விரு மொழிச் சொற்களையும் ஒரே தலைப்பின்கீழ் வைக்கிறது. ஊட்டுதல், புரை என்னும் இரண்டும் தமிழாக இருக்க, ஊட்டுப்புரை என்னும் கூட்டுச்சொல்லை அயற்சொல் என்று ஒதுக்குவது எங்ஙனம் பொருந்தும்?

பத்மநாப சுவாமி கோயிலின் இருபெருந் திருவிழாக்களையும் இந்நகரில் அறியாதார் இலர். சங்குமுகம் கடற்கரைக்கு ஆறாட்டு செல்லும் அவ்விழாக்களின் பெயர்கள் 'பைங்குனி', 'அல்பசி' என்பன. மலையாள ஆண்டில் அத்திங்கள்களுக்கு மீனம், துலாம் என்று பெயர். விழாக்களோ பங்குனி, ஐப்பசி என்னும் தமிழ்த் திங்கட்பெயர்களையே இன்றளவும் தாங்கி நிற்கின்றன. ஐப்பசியைத் தமிழ்க் கல்வெட்டுகள் 'அற்பசி' என்றும் எழுதும். கல்லில் உள்ள அவ்வடிவமும் கோயில் வழக்கில் உள்ள 'அல்பசி'யும் அண்டை வீட்டார் போல் நிற்பதை நோக்குக.

இவை யாவற்றினும் பொருள் நிறைந்தது 'சாலை' என்னும் சொல். ஸ்ரீவராகத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள சாலைக் கடைத்தெரு நம் வணிகர் பலருக்கு வாழ்வளித்த இடம். அதனை அடுத்தது வலியசாலை. 'வலிய' என்பது மலையாளத்தில் 'பெரிய' என்று பொருள்படும். தமிழில் அது 'வலிமையுடைய' என்று நிற்கும். வலியசாலையிலுள்ள சிவன் கோயில் இன்றும் காந்தளூர் என்னும் பெயரோடு விளங்குகிறது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி புகழும் காந்தளூர்ச் சாலை இதுவே என்று கருதுவோர் பலர்.

அம்மெய்க்கீர்த்தி, அரசன் அச்சாலையில் 'கலம்' அறுத்தான் என்கிறது. கலம் என்பதற்கு மரக்கலம் எனவும் பொருள் உண்டு. உண்கலம் எனவும் பொருள் உண்டு. மரக்கலம் எனக் கொண்டோர் ஒரு கடற்போரைக் கண்டனர். உண்கலம் எனக் கொண்டோர், சாலை என்பது மாணாக்கர்க்கு உணவளித்துக் கல்வி புகட்டிய நிலையம் என்றும், அரசன் அங்கு உண்போர் உரிமையை மாற்றியமைத்தான் என்றும் உரைத்தனர். கவிமணியும் 'காந்தளூர்ச்சாலை' என்றே பெயரிட்டு இதனை ஆராய்ந்து நூலெழுதினார். ஒரு பேரரசனின் செயல் போரா, அறநிலைய ஒழுங்கா என்பது ஒரு சொல்லின் பொருளைச் சார்ந்து நிற்கிறது. சொல்லாராய்ச்சி புலவர் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இவ்வொன்றை எண்ணிப் பார்ப்பாராக.

இதற்கு மேலும் ஒளி தருவது ஆய் மன்னன் கருநந்தடக்கனின் செப்பேடு. ஒன்பதாம் நூற்றாண்டில், கி.பி. 866ஆம் ஆண்டளவில், பார்த்திவசேகரபுரத்தில் தொண்ணூற்றைந்து சட்டர்களுக்கு ஒரு சாலை அமைத்த செய்தியை அது தமிழில் கூறுகிறது. அச்சாலை காந்தளூரின் 'மரியாதை'யைப் பின்பற்றி அமைந்தது. அங்கு மரியாதை என்பது முறைமை, விதி என்று பொருள்படும். நாம் இன்று பெரியோர்க்குச் செலுத்தும் மரியாதையை அங்கே பொருத்திப் படிப்போமாயின் செப்பேடே பொருளற்றுப் போகும். சொற்கள் இடம் மாறுவதோடு பொருளும் மாறுகின்றன. அம்மாற்றத்தின் படிகளை வரிசையாகக் காட்டுவதே நல்ல அகராதியின் தொழில்.

சான்றில்லாப் பெருமை வேண்டா

இவ்வளவும் கண்ட பின்னர், நம் வாயில் வழங்கும் யாவும் பழந்தமிழே என்று மார்தட்டும் எண்ணம் சிலர்க்கு எழலாம். அவ்வெண்ணம் நகைப்பவர் கூற்றைப் போன்றே பிழையானது. குடிக்கும் நீரை நம்மவர் சிலர் 'வெள்ளம்' என்கின்றனர். திருநெல்வேலியிலிருந்து வந்த விருந்தினரிடம், "கொஞ்சம் வெள்ளம் குடிக்கிறீர்களா?" என்று கேட்டால் அவர் திகைப்பார். தமிழில் வெள்ளம் என்பது பெருக்கு; கடலையும் மிகுதியையும் அது குறிக்கும். குவளை நீரைக் குறிப்பது மலையாள வழக்கு. அயலார் மொழியில் நெடுநாள் வாழ்ந்ததன் பயனாக நாம் பெற்ற பொருள் அது. அதனைச் சங்ககாலத்துக்கு ஏற்றிக் கூற முயல்வது சான்றுக்கு மாறாகும்.

அதற்காக அதனை வெட்கத்தோடு மறைக்கவும் வேண்டியதில்லை. ஆ. மாதவன் தம் நாவல் ஒன்றுக்குக் 'கிருஷ்ணப்பருந்து' என்று பெயரிட்டார். தமிழகத்தார் கருடன் என்றும் செம்பருந்து என்றும் கூறும் பறவைக்கு மலையாளத்தில் வழங்கும் பெயர் அது. சாலைக் கடைத்தெருவின் வாழ்வைக் 'கடைத்தெருக் கதைகள்' என்று எழுதிய அவர், அத்தெருவின் மொழியை வடிகட்டாமல் எழுத்தில் வைத்தார். நீல. பத்மநாபன் 1968இல் 'தலைமுறைகள்' நாவலில் இரணியல் செட்டிமார் பேச்சை அவ்வாறே ஆண்டார். 1970இல் 'பள்ளிகொண்டபுரம்' நாவலில் இந்நகரையே கதைக்களமாக்கினார். இவ்வெழுத்தாளர் இருவரும் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றவர்கள் என்பது நமக்குப் பெருமை. அதனினும் பெரிது, இவர்கள் நூல்கள் வருங்கால அகராதியாசிரியர்க்கு மேற்கோள் ஆகத் தக்கவை என்பது. ஒரு சொல் கடன் பெற்றதாயினும், தமிழ் எழுத்தில் வாழத் தொடங்கிய பின் அகராதி அதற்கு இடமளித்தாக வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் குறித்தால் போதும்.

தமக்கு இனிதாயிருப்பினும் இன்னாதாயிருப்பினும் சான்று காட்டும் முடிவையே கொள்ளல் வேண்டும் என்பது வையாபுரிப் பிள்ளையவர்கள் கைக்கொண்ட நெறி. நூல்களின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளினார் என்றும், தமிழ்ச் சொற்களை வடசொல் எனக் காட்டினார் என்றும் அவர்மீது கடுஞ்சினம் எழுந்தது. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் பேரகராதியின் குறைகளை எடுத்துக்காட்டித் தனி நூலே எழுதினார். 1974இல் தமிழக அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் அவர் தலைமையில் எழுந்ததே. 1981இல் அவர் மறைந்தபின், 1985இல் அதன் முதற்பகுதி வெளிவந்தது. வேர்ச்சொற் பகுதியில் பேரகராதியை அப்படியே நம்புதல் ஆகாது என்னும் பாவாணர் கூற்றில் உண்மை உண்டு. திராவிட மொழி ஒப்பியல் அந்நாளைக்குப் பின்னரே பெரிதும் வளர்ந்தது. எனினும் சொல்லுக்கு இடஞ்சுட்டி மேற்கோள் தரும் பகுதியில் பேரகராதிக்கு ஈடாகும் நூல் நெடுங்காலம் தமிழில் இல்லை. குறை கூறியவர்களும் அதன் மேற்கோளை எடுத்துக்கொண்டே குறை கூற வேண்டியிருந்தது.

ஊர் இழந்த சொற்கள்

வேர்ச்சொற் பூசலில் மறைந்துபோன வேறொரு குறையை நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். நம்மைப் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அதுவே பெருங்குறையாகத் தோன்றுகிறது. பேரகராதி வழக்குச் சொற்களை அடியோடு விட்டுவிடவில்லை. நாஞ்சில் நாட்டு வழக்கு, யாழ்ப்பாண வழக்கு, திருநெல்வேலி வழக்கு, தஞ்சை வழக்கு என அடையாளமிட்டுச் சில சொற்களைத் தருகிறது. ஆயினும் அதில் காணப்படும் வழக்குச் சொற்களுள் மிகப் பலவற்றுக்கு 'வட்டார வழக்கு' என்னும் பொதுக்குறி ஒன்றே இடப்பட்டுள்ளது. எந்த வட்டாரம்? யார் சொன்னது? எப்பொழுது சொன்னது? குறி விடை தாராது. இலக்கியச் சொல்லுக்கு நூலும் பாட்டெண்ணும் உண்டு. வாய்ச்சொல்லுக்கோ ஊர்ப்பெயர் கூட இல்லை. வேணாட்டார் இவ்வாறு கூறுவர், குட்டநாட்டார் இவ்வாறு கூறுவர் என்று நாட்டோடு சேர்த்துச் சொல்லைப் போற்றிய பழைய உரையாசிரியரின் முறைமை இங்கே தளர்ந்துபோயிற்று.

காலக் குறிப்பு இன்மை மற்றொரு குறை. 1884 முதல் 1928 வரை பகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, ஒரு சொல் எவ்வாண்டில் முதலில் எழுத்தில் தோன்றியது என்பதைக் காட்டி, அதன் பொருள் படிப்படியே மாறியதை வரிசைப்படுத்துகிறது. தமிழ் நூல்களின் காலமே பூசலுக்குரியதாக இருந்த அந்நாளில் அதனை எதிர்பார்த்தல் மிகையாகலாம். ஆயினும் அதன் விளைவு நம்மை வருத்துகிறது. பறைதல் எந்நூற்றாண்டு வரை தமிழகத்தில் பேச்சில் நின்றது, எப்போது ஒதுங்கியது என்று கேட்பவர்க்குப் பேரகராதியில் விடை இல்லை.

மூன்றாவது குறை ஆட்சிச் சொற்களைப் பற்றியது. இதில் பேரகராதியை விடப் பின்வந்த கலைச்சொல் ஆக்குநரே மிகுதியும் பொறுப்பாவர். இந்நகரில் நிலம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்தார் கிராம அலுவலகம் செல்லும்போது, நில உரிமைப் பத்திரத்தை 'ஆதாரம்' என்றும், நிலவரியைக் 'கரம்' என்றும், பதிவேட்டில் பெயர் மாற்றுதலைப் 'போக்குவரவு' என்றும் வழங்குகின்றனர். போக்கு, வரவு என்னும் இரண்டும் தமிழ்ச் சொற்களே. ஒருவர் பெயர் போய் மற்றொருவர் பெயர் வருதலை எவ்வளவு எளிமையாக அத்தொடர் உணர்த்துகிறது! தமிழகத்தில் 'போக்குவரவு' மக்கள் செல்வதையும் வருவதையும் குறித்து நின்றது. அதன் உறவான 'போக்குவரத்து' ஊர்திகளுக்கு உரியதாயிற்று. நிலப்பதிவுக்குப் 'பட்டா மாற்றம்' என்னும் தொடர் வழங்கலாயிற்று. புதுக் கலைச்சொல் படைப்போர் திருவிதாங்கூர் ஆவணங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்த்திருப்பின், ஆக்க வேண்டிய சொற்கள் சில ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதைக் கண்டிருப்பர். கணினி, இணையம் போன்ற புத்தாக்கங்கள் மக்கள் நாவில் இனிதே நிலைபெற்றுவிட்டன, அவற்றை வரவேற்கிறோம். ஆனால் புதியது படைக்கும் ஊக்கத்தின் ஒரு பகுதியேனும் பழையது திரட்டுவதில் செல்லுதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

பின்வந்தோர் காட்டிய வழி

பேரகராதிக்குப் பின் இருவகை முயற்சிகள் நம் கவனத்துக்குரியவை. 1982இல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதி அளித்தார். பல்கலைக்கழகம் தொடங்கிய பணியன்று அது. ஒரு வேளாண் குடும்பத்து எழுத்தாளர், தம்மைச் சூழ்ந்த மக்களின் வாய்ச்சொல்லைச் செவிமடுத்து எழுதிய ஏடு. 'வட்டார வழக்கு' என்னும் பொதுக்குறிக்குள் முகமிழந்து நின்ற சொற்களுக்கு அவ்வேடு ஓர் ஊரை மீட்டுத் தந்தது. 1992இல் க்ரியா வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதி வேறொரு வழியில் சென்றது. இன்றைய எழுத்துகளைத் திரட்டி, அவற்றில் சொற்கள் பயிலும் முறையை வாக்கியத்தோடு காட்டியது. இலங்கைத் தமிழ் வழக்குக்குத் தனி அடையாளமும் இட்டது. 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் விரிவான பதிப்புகளும் வந்தன. கடல் கடந்த தமிழுக்குக் கிட்டிய அக்கவனம், மலைக்கு மேற்கேயுள்ள தமிழுக்கும் உரியதன்றோ?

நம் நகரம் சொல்லாராய்ச்சிக்குப் புதிதன்று. ஸ்ரீகண்டேசுவரம் பத்மநாப பிள்ளை தனியொருவராக உழைத்து உருவாக்கிய 'சப்ததாராவலி' என்னும் மலையாள அகராதி 1917 முதல் பகுதிகளாக வெளிவந்து 1923இல் நிறைவெய்தியது. சூரநாடு குஞ்ஞன் பிள்ளை பதிப்பாசிரியராயிருந்த மலையாளப் பேரகராதியின் முதல் தொகுதியைக் கேரளப் பல்கலைக்கழகம் 1965இல் வெளியிட்டது. அப்பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியம் 1962இல் புறநானூற்றுக்குச் சொல்லடைவு வெளியிட்டார். பின்னர் 1977இல் இந்நகரில் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளியை நிறுவினார். மலையாளிகள் தம் சொல்லைத் திரட்டினர்; தமிழறிஞர் சங்கச் சொல்லைத் திரட்டினர். கரமனையிலும் வலியசாலையிலும் ஸ்ரீவராகத்திலும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டிற்குள் பேசிய சொல் மட்டும் எஞ்சி நிற்கிறது.

நம் கடன்

அச்சொல்லைத் திரட்ட அறிஞர் ஒருவர் வந்து கதவைத் தட்டுவார் என்று காத்திருத்தல் கூடாது. காலம் அதற்கு இடம் தராது. நம் மக்கள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். அது வாழ்வுக்கு வேண்டியது. அதனை நாம் குறை கூறவில்லை. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட இயலாத மூன்றாம் தலைமுறையும் பாட்டியார் பேசும் தமிழைக் காதால் அறியும். பாட்டியார் மறைந்தபின் நான்காம் தலைமுறைக்கு அதுவும் இராது.

ஆதலின் நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும் என்று பணிவோடு வேண்டுகிறோம். அதில் சொல்லை எழுதுக. அது வந்த வாக்கியத்தையும் எழுதுக. அதனைச் சொன்னவர் தாத்தாவா, அத்தையா என்பதையும், அவர் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தனர் என்பதையும் குறிக்க. எழுதிய நாளையும் இடுக. அடுக்களைச் சொல், கோயிற் சொல், கடைச் சொல், நிலச் சொல், உறவுச் சொல், வசைச் சொல் எதனையும் விலக்க வேண்டா. மலையாளம் எனத் தோன்றும் சொல்லையும் எழுதுக. அது எம்மொழியது என்னும் முடிவைச் சான்று திரண்டபின் அறிஞர் செய்வர். தீயலுக்குத் தேங்காயை வறுக்கும் பக்குவத்துக்கு உங்கள் வீட்டில் ஒரு தனிச்சொல் உண்டாயின், அதுவும் ஒரு செல்வமே. சொல்லின் வேர் இன்னது என்று நாமே துணிந்து கூறிவிடாதிருத்தல் நன்று. நமக்குத் தெரிந்தது ஊரும் ஆளும். அவ்விரண்டையும் நாம் தவறாது எழுதினால், பேரகராதியால் இயலாதுபோன ஒன்றை நாம் செய்தவர்களாவோம்.

சென்னைக்குச் சென்று நாணித் திரும்பிய இளைஞரை மீண்டும் நினைவுகூர்வோம். அவர் கையில் இத்தகைய ஏடு ஒன்று இருக்குமாயின், அடுத்த முறை உறவினர் நகைக்கும்போது அவர் வாய் மூட வேண்டியதில்லை. பறைதலுக்குப் பேரகராதியைக் காட்டலாம். புரைக்குத் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைக் காட்டலாம். வெள்ளத்துக்கு, "இது மலையாளத்தார் தந்தது, நாங்கள் அவர்களோடு வாழ்கிறோம்" என்று நேராகச் சொல்லலாம். எந்நூலிலும் இல்லாத ஒரு சொல்லுக்கு, "இது ஸ்ரீவராகத்தில் எங்கள் பாட்டி சொன்னது, இதோ நாளும் வாக்கியமும்" என்று ஏட்டையே எடுத்துக் காட்டலாம். அந்த ஏட்டின் முதற்பக்கத்தை, வீட்டில் மூத்தோர் இருக்கும்போதே, இம்மலரைப் படித்து முடித்த இன்றே தொடங்குவோமாக.